கலர் போகாத மீன்கள்

1998 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் முதல் வேலை, எப்போதும்போல, பிரிட்ஜ் கதவுத் தட்டிலிருந்து இன்சுலின் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தது. சில்லென்று இருக்கும்போது போட்டால் வீட்டுக்காரருக்கு எரியும். இரண்டாவது பால். மூன்றாவது இட்லிப் பானை. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கைகால் கழுவி, பனியனைத் தூக்கிக்கொண்டு அவர் நாற்காலியில் உட்காரும்போது மூன்றும் தயாராக இருக்க வேண்டும்.

நேற்று வயிற்றில் வலது பக்கம் போட்டிருந்தால் இன்று இடது பக்கம். தோலைக் கிள்ளிப் பிடிப்பேன். அவர் அந்த நேரத்துக்கென்றே பேப்பரை விரித்துச் சத்தமாகப் படிப்பார்.

"குத்திட்டியா?"

"எடுத்தே ஆச்சு."

தினமும் இதே கேள்வி, இதே பதில். பிறகு இட்லி. அவர் படுத்துக்கொண்டார். நான் கோயிலுக்குப் போய்வந்தேன். எங்கள் சபையில் ஆராதனை தமிழில்தான் என்றாலும் பக்கத்து பெஞ்சில் தூத்துக்குடிப் பேச்சும் பின்பெஞ்சில் கோயம்புத்தூர்ப் பேச்சும் கேட்கும். எல்லா மாவட்டத்துக்காரர்களும் ஒரே கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தால் அப்படித்தான். அன்று பிரசங்கம் எதைப் பற்றி என்று என் டைரியில் இல்லை. என் மனம் முழுக்க பிற்பகல்மேல் இருந்தது.

பிற்பகலில் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பெண் வீட்டார் வருவதாக இருந்தது. எங்கள் வீட்டைப் பார்க்க அல்ல, என் தம்பியின் கடையைப் பார்க்க.

தம்பி நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தவன். அடுத்த லிஸ்ட்டில் பெர்மனென்ட், அதற்கு அடுத்த லிஸ்ட்டில் பெர்மனென்ட் என்று அவன் வாலிபம் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி நழுவியது. மறுபடி சரியாக மடங்கவில்லை. அந்த வேலை இனி முடியாது என்றானதும், சின்ன வயதிலிருந்து பாட்டிலில் மீன் வளர்த்த பழக்கத்தை நம்பி மந்தாரக்குப்பத்தில் ஒரு தையல் கடைக்குப் பக்கத்தில் வளர்ப்பு மீன் கடை போட்டான். மாடியில் ஒரு அறை அவனுக்கு. மத்தியானச் சாப்பாடு எங்களோடு.

பெண் மேல்பட்டாம்பாக்கத்தில் நர்சரிப் பள்ளி டீச்சர். அவளுடைய அப்பா ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்பியை அவருக்குப் பிடித்திருந்தது. கடையைப் பற்றித்தான் சந்தேகம். "மாப்ள மீன் விக்கறாருன்னதும் சந்தையில தராசு வெச்சிகினு உக்காந்துருக்கறார்னு நெனச்சிட்டேங்க" என்று தரகரிடம் சொன்னாராம். அப்படி இல்லை என்று கேள்விப்பட்ட பிறகும், இந்தக் கடையை நம்பிப் பெண்ணைக் கொடுக்கலாமா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றார். அவன் வயதுக்கு இது தள்ளிப்போனால் இன்னொன்று அமைவது கஷ்டம். அதை நானும் அவனும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

கடையை ஓட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு தொட்டி. நுழைந்ததும் எதிரே இருக்கும். அதில் இருந்த மீனுக்குக் 'கலர் கிளாஸ்' என்று பெயர். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. உடம்பு கண்ணாடி. உள்ளே முள்ளும், சின்னப் பை போன்ற குடலும் தெரியும். முதுகோரத்தில் மட்டும் ஒரு கோடு, ஒன்றுக்கு ரோஸ், ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு எலுமிச்சை மஞ்சள். டியூப் லைட்டைப் போட்டால் அந்தக் கோடுகள் மட்டும் தனியாக நீந்துவதுபோல் இருக்கும். சென்னையில் மொத்தமாக மீன் எடுக்கும் இடத்திலிருந்து தம்பி கொண்டுவந்தான். வந்ததும் விற்றுப்போகும். தொட்டிக்குமேல் ஒரு தகரப் போர்டு எழுதி மாட்டியிருந்தான்: 'கலர் போகாது. பெர்மனென்ட்.'

"நமக்குக் கெடைக்காதத மீனுக்காவது குடுத்துட்டியே, மாப்ள" என்று என் வீட்டுக்காரர் அவனைச் சீண்டுவார்.

ஆனால் கலர் போயிற்று. வாங்கிப்போன சிலர் இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார்கள். டவுன்ஷிப்பிலிருந்து வந்த ஒரு அம்மா நான் இருக்கும்போதே கேட்டார். "என்ன தம்பி, உன் மீனு வெளுத்துப்போச்சு. நாங்க தொவைக்கக்கூட இல்லியே." கடையே சிரித்தது. தம்பியும் சிரித்து, "தண்ணிங்கம்மா. இந்த ஊருத் தண்ணி கலர இழுக்குது" என்றான்.

தண்ணீர் என்று சொன்னால் இந்த ஊரில் எவரும் மறுக்க மாட்டார்கள். சோப்பு நுரைக்காததற்கும் தலைமுடி கொட்டுவதற்கும் தண்ணீர்தான் காரணம். என் வீட்டுக்காரரிடம் சொன்னால் கேட்கவே வேண்டாம். அவர் வேலையே மின்நிலையத்துத் தண்ணீர் லேபில்தான். கொதிகலனுக்குப் போகும் தண்ணீரிலிருந்து உப்பு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் நீக்கி, எதுவுமே இல்லாத தண்ணீராக ஆக்கி அனுப்ப வேண்டும். துளி உப்பு இருந்தாலும் குழாயில் படிந்துவிடும். அதற்கு டி.எம். வாட்டர் என்று பெயர். பேட்டரிக்கு ஊற்றக் கேட்டால் கேனில் கொஞ்சம் தருவார்கள். அவர் அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது மற்றவர்கள் பிள்ளைகளின் மார்க்கைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்.

"பெண் வீட்டுக்காரங்க வர்றப்ப தொட்டி பளிச்சுன்னு இருக்கட்டும். நான் தண்ணி தர்றேன். அதுல இழுக்கறதுக்கு ஒண்ணுமே கிடையாது" என்றார். சனிக்கிழமை சாயங்காலம் தம்பி வந்து கேன்களை மொபெட்டில் கட்டிக்கொண்டு போனான். பழைய தண்ணீரை வடித்துவிட்டு முழுத்தொட்டியும் அதையே ஊற்றினான்.

ஞாயிறு மத்தியானம் நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது மொபெட் சத்தம் கேட்டது. தம்பி செருப்பைக் கழற்றாமல் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டான். அவன் அப்படி வந்ததில்லை.

"அக்கா, மீனெல்லாம் அடியில படுத்துகினு கெடக்குது. ரெண்டு செத்துப்போச்சு. அவங்க நாலு மணிக்கு வந்துடுவாங்க."

தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்தார். ஒரு நிமிடம் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"அதுல உப்பே இல்லியே" என்றார். "அதுங்க உடம்புல இருக்கற உப்பும் கரைஞ்சு வெளிய வந்துடும். கொழாய்க்கு உப்பு ஆகாது. மீனுக்கு வேணும். எனக்குத் தோணவே இல்ல பாரு."

நான் அடுப்பை அணைத்தேன். முந்தின நாள் பிடித்துவைத்த குழாய்த் தண்ணீர் இரண்டு குடம் இருந்தது. அதைத் தூக்கினேன். அவர் பின்னாலேயே வந்து, "ஒரேயடியா ஊத்தாத. ஒரு டம்ளர் எடு, ஒரு டம்ளர் ஊத்து. அதுக்குத் தெரியாம மாத்தணும்" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தார். மொபெட் கிளம்பிய பிறகும், "கல்லுப்பு நான் எடுத்துகிட்டு வர்றேன்" என்று பின்னாலிருந்து கேட்டது.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். தம்பி ஒரு டம்ளர் எடுக்க, நான் ஒரு டம்ளர் ஊற்ற. மீன்கள் மணலின்மேல் ஒருக்களித்துக் கிடந்து செவுளை அடித்துக்கொண்டிருந்தன. செத்த இரண்டையும் அவன் ஒரு பேப்பரில் எடுத்து வைத்திருந்தான். ஊற்றுகிற இடைவெளியில் என் கண் அங்கே போனது. எதையும் உற்றுப் பார்க்காமல் விட என்னால் ஆகாது. அந்தப் பேப்பரை டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுபோனேன்.

ரோஸ் கோடு தோலின்மேல் இல்லை, தோலுக்கு அடியில் இருந்தது. நகத்துக்கடியில் இங்க் இறங்கினால் எப்படி இருக்கும், அப்படி. கோட்டின் இரண்டு முனையிலும் ஒரு புள்ளி, சுற்றிலும் கொஞ்சம் தடித்து. இன்னொன்றைப் பார்த்தேன். அதிலும் அதே இடத்தில் அதே தடிப்பு. திருப்பினேன். அந்தப் பக்கமும். எனக்கு வேறு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தத் தடிப்பைத் தினமும் காலையில் பார்க்கிறவள் நான். ஒரே இடத்தில் இரண்டு நாள் போட்டுவிட்டால் வீட்டுக்காரர் வயிற்றில் வருவது அதுதான்.

"இது ஊசிடா" என்றேன்.

தம்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஆச்சரியப்படவில்லை. அது எனக்கு மீனைவிடக் கஷ்டமாக இருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"எடுக்கற எடத்துல சொன்னாங்க. வெளிநாட்டுல எங்கியோ போட்டு அனுப்பறாங்களாம். ஒண்ணொண்ணா கையில புடிச்சி. போவப் போவ வெளுக்கும்னு சொல்லல. சத்தியமா சொல்லல. ஊசின்னு மட்டும் சொன்னாங்க." டம்ளரைத் தொட்டிக்குள் விட்டு எடுத்தான். "மீனுக்கு வலிக்காதுன்னாங்க."

"யாரு சொன்னது, ஊசி போடறவங்களா?"

"ம்."

"போடறவங்களுக்கு வலிக்காதுதான். நான் தினம் போடறேன். எனக்கு ஒருநாளும் வலிச்சதில்ல."

 நாலைந்து டம்ளர் மாறியது. பிறகு அவனே பேசினான், என்னிடம் இல்லை, தண்ணீரிடம் பேசுகிறமாதிரி. "நாம நெத்திலி வறுத்துத் திங்கறதில்லியா, அக்கா? கோழி அறுக்கறதில்லியா?"

நான் யோசித்துப் பார்த்தேன். அவன் கேட்டது நியாயமான கேள்வி. "திங்கறோம். பசிக்கு" என்றேன். "இவருக்கு ஊசி, உசிருக்கு. இதுக்கு எதுக்குடா?"

"பாக்கறதுக்கு."

"அது இல்லாமியே பாக்கலாந்தானே."

"யாரு பாப்பாங்க? கப்பியும் கருப்பு மோலியும் எல்லாக் கடையிலயும் கெடக்குது. இத எடுத்துட்டா இந்தக் கடையில என்னாக்கா இருக்கு? அவங்க வந்து எதப் பாப்பாங்க?"

 நான் அடுத்த டம்ளரை ஊற்றினேன். கடை அவனுடையது. கல்யாணமும் அவனுடையது. சின்ன வயதில் பாட்டில் மீன் செத்துப்போனால் அன்றைக்குச் சோறு இறங்காத பிள்ளை அவன். ஊசி என்று கேட்ட அன்று அவனுக்கும் சோறு இறங்கியிருக்காது. கேட்டுவிட்டு, கேட்டதை எங்கேயோ வைத்து மூடியிருக்கிறான். அப்படி மூடிவைக்க அவனுக்கு எத்தனையோ காரணம் இருந்தது.

வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். தூக்கமில்லாத கண். சட்டைப் பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து, லேபில் செய்வதுபோல ஒரு டம்ளரில் கரைத்து, ஓரமாகச் சொட்டுச்சொட்டாக விட்டார். "கெடுத்தது போதும், நீ ஊத்து மாப்ள" என்று பாதியில் டம்ளரைத் தம்பியிடமே கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு பச்சைக்கோடு மணலைவிட்டு எழும்பியது. பிறகு இன்னொன்று. வீட்டுக்காரரும் நானும் முட்டியிட்டபடி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பியால் முட்டியிட முடியாது. ஒரு காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

பெண் வீட்டார் வந்தபோது அந்தக் கோலத்தில்தான் இருந்தோம். பெண்ணின் அப்பா, சித்தி, பெண். பெண்ணும் வருவாள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. "நானும் பாக்கறேன்னு கெளம்பிட்டா" என்று சித்தி சிரித்தார்.

"தோத்திரங்க, வாங்க, வாங்க" என்று நான் ஷட்டரை முழுதாகத் தூக்கினேன். பேப்பரில் இருந்த இரண்டையும் மூலைக்குத் தள்ளினேன்.

அப்பா பொறுமையானவர். கூரையைப் பார்த்தார், ஒயரிங்கைப் பார்த்தார். "கரண்டு போனா இதுங்களுக்குக் காத்து?" என்று கேட்டார். தம்பி பேட்டரி பம்ப்பை ஓட்டிக் காட்டினான். அவருக்குத் திருப்தி. கப்பி எத்தனை குட்டி போடும் என்று சித்தி கேட்டு, பதிலைக் கேட்டு, "யம்மா" என்று வாயில் கை வைத்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக அப்பா எதிர்த்தொட்டிக்கு வந்தார். போர்டை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இதான் நல்லாப் போவுதாமே. தரகரு சொன்னாரு."

"போவுதுங்க" என்றான் தம்பி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்திவிடுவான் என்றுதான் நானும் நினைத்தேன். நிறுத்திவிடட்டும் என்றும் ஒரு கணம் நினைத்தேன், அதையும் எழுதாமல் விட வேண்டாம். அவன் போர்டைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"ஆனா இது பொறந்த கலர் இல்லீங்க. ஊசியில ஏத்தினது. ரெண்டு மாசத்துல போயிடும். போர்டுல எழுதியிருக்கறது பொய்யிங்க."

அப்பா திரும்பினார். "தெரிஞ்சே எழுதினீங்களா?"

"எழுதறப்ப வெளுக்கும்னு தெரியாதுங்க. ஊசின்னு தெரியும். இனிமே எடுக்கப்போறதில்லீங்க."

"நல்லாப் போவற சரக்க நிறுத்திட்டா கடை எப்பிடிப் போவும்?"

"கொஞ்ச நாளைக்குக் கஷ்டந்தாங்க."

சித்திதான் அந்த இறுக்கத்தைக் கலைக்கப் பார்த்தார். "இதுக்குப் போயி என்னாங்க, திருவிழாவுல கோழிக்குஞ்சுக்கே சாயம் முக்கி விக்கறாங்க. ஒலகம் பூரா நடக்கறதுதான்."

"நான் சின்னதுல வாங்கினேனே, சித்தி" என்றாள் பெண். அவள் குரலை அப்போதுதான் முதல்முறை கேட்டேன். "பச்சைக் குஞ்சு. மறுநாளே செத்துப்போச்சு. நீங்கதான் பொதைச்சீங்க."

 பெண் தொட்டிக்குக் கிட்டே வந்து குனிந்தாள். தம்பியைப் பார்த்துக் கேட்காமல் மீனைப் பார்த்தே கேட்டாள். "வித்ததெல்லாம் யார் வூட்ல இருக்குன்னு தெரியுங்களா?"

"பாதிப்பேரத் தெரியும்."

"வெளுத்துப்போச்சுன்னு கொண்டாந்தா?"

"வேற மீன் குடுத்துடறேன்."

"கொண்டாராதவங்களுக்கு?"

தம்பியின் கண் மறுபடி போர்டுக்குப் போனது. "நீ சும்மா இரும்மா" என்றார் அப்பா.

"சும்மாத்தான்ப்பா கேக்கறேன்."

டீ வந்தது. குடித்தார்கள். "யோசிச்சு சொல்லியனுப்பறோங்க" என்று அப்பா எழுந்தார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தம்பி பஸ் ஸ்டாண்டுவரை காலை இழுத்துக்கொண்டு கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தான். வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறப் பார்த்தான். வீட்டுக்காரர் அவனை நகர்த்திவிட்டு அவரே ஏறி போர்டைக் கழற்றிக் கொடுத்தார்.

தம்பி தையல் கடையில் போர்டு எழுதிய மிச்சப் பெயிண்டும் பிரஷும் வாங்கிவந்து தகரத்தின் பின்பக்கத்தில் எழுதினான்: 'இங்கு வாங்கிய கலர் மீன் ஊசியால் சாயம் ஏற்றியது. வெளுத்தாலும் வெளுக்காவிட்டாலும் கொண்டுவந்தால் வேறு மீன் தரப்படும்.' எழுத்து ஒரே சீராக இல்லை. 'வெளுக்காவிட்டாலும்' என்பதற்கு இடம் போதாமல் சிறுத்துவிட்டது.

"திரும்ப வாங்கினத எங்க வெப்ப, மாப்ள?" என்றார் வீட்டுக்காரர். "தொட்டி எல்லாத்துலயும் சரக்கு இருக்குது. விக்காத மீனுக்குத் தொட்டி குடுத்தா நீ எதுல விப்ப?"

தம்பி அதை யோசித்திருக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கத்தில் துணி துவைக்க ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. வேப்ப மர நிழல். அதைத்தான் நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

"அப்ப நான் எங்க தொவைக்கிறது?"

"நான் தொவைச்சுத் தர்றேன்க்கா" என்றான் தம்பி. அவன் அன்று சிரித்தது அப்போது ஒருமுறைதான். அந்த வாக்கை அவன் காப்பாற்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் வாளியில்தான் துவைத்தேன். அந்தக் கண்ணாடி மீன்கள் வெளுத்து, முள் மட்டும் தெரிகிற வெறும் மீன்களாகி, சில ஒரு வருடத்துக்குமேல் எங்கள் தொட்டியில் இருந்தன.

பஸ்ஸில் நடந்ததை அந்தப் பெண் எனக்குப் பிறகு சொன்னாள். எங்கள் வீட்டுக்கே வந்துவிட்ட பிறகு, அதே தொட்டி ஓரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு. "எங்கப்பா பாதி வழி தாண்டறவரைக்கும் பேசல அண்ணி. அப்பறம், கடைக்காரனுக்கு வாய் அடங்கல, எப்பிடிப் பொழைப்பான்னாரு. நான் சொன்னேன், அடங்கின வாயோட குடும்பம் நடத்தறது எப்பிடிப்பான்னு." அவர் சம்மதம் சொல்லியனுப்ப மழைக்காலம் வந்துவிட்டது. அதுவரை கடை இளைத்துத்தான் கிடந்தது. அன்று ஞாயிறு இரவு இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. தம்பி எங்கள் வீட்டில் சாப்பிட்டான். மத்தியானத்து ரசத்தைச் சூடாக்கி ஊற்றினேன். இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினான். வீட்டுக்காரர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இரவு ஷிப்டுக்குப் போனார்.

மறுநாள் திங்கட்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாகப் பின்பக்கம் போனேன். சிமெண்ட் தொட்டியில் சோப்பு நாற்றம் இருந்தது. சோப்புப் போடாமல், தேங்காய் நாரும் கல்லுப்பும் வைத்து, மூலைகளை விரலால் தடவிப் பார்த்துத் தேய்த்தேன். தண்ணீர் விட்டு அலசி, மறுபடி அலசி, மோந்து பார்த்தேன். குழாயைத் திறந்து நிரப்பி, ஒரு நாள் கிடக்கட்டும் என்று பழைய சேலையால் மூடிக் கல் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரும்போது தெருமுனையில் கம்பெனி பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. அப்போதுதான் பிரிட்ஜைத் திறந்தேன். அன்று ஊசி சில்லென்றே இறங்கியது. அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, எரிகிறது என்றும் சொல்லவில்லை.